முறிகண்டியில் தேங்காய் உடைத்த ரெயின்: ஒரு சிறுவயதுப் பொய் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வரும் பத்து வயதுப் பையன் நான். பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியராக இருப்பதால் பிள்ளைகள் சொன்ன பொய்களைப் பற்றிய குறிப்புகள் என் கொப்பிகளில் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றையும் இங்கே எழுதமாட்டேன். அவை அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தமானவை. என்னுடையதை எழுத எவரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். எழுத எழுத அதற்குள் இன்னும் இரண்டு பேர் இருப்பது தெரிந்தது. இருவரும் சம்மதம் சொன்ன பிறகே தொடர்ந்தேன். பெயர் எதுவும் இல்லை. ஒருவர் அக்கா, மற்றவன் அவருடைய தம்பி சின்னவன். அந்த நாளிலும் நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

எனக்குக் கிடைத்த சாட்சிகள் மூன்று: என் ஞாபகம், அம்மாவின் ஞாபகம், இப்போது கனடாவில் இருக்கும் அக்காவோடு தொலைபேசியில் பேசிய மூன்று இரவுகள். மூன்றும் பல இடங்களில் முரண்படுகின்றன. முரண்பட்டதை முரண்பட்டபடியே விட்டிருக்கிறேன்.

இடமும் காலமும்

1997ஆம் ஆண்டு. வன்னியில், மல்லாவிக்குக் கிட்ட ஓர் ஊர். அப்பா வவுனிக்குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தச் சுற்றுவட்டாரம்தான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் வீடு வாசலை விட்டு வெளிக்கிட்டது முதலில் எங்களுக்கு வானொலிச் செய்தியாகத்தான் வந்தது. மறுவருடம் அந்தச் சனத்தில் ஒரு பகுதி கிளாலிக் கடலேரியைத் தாண்டி எங்கள் படலைக்கே வந்தது. முதலில் கிளிநொச்சியில் இருந்தார்கள். 1996 ஆடிக்குப் பிறகு அங்கேயும் சண்டை தொடங்க அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று நகர்ந்தார்கள். எங்கள் வளவில் மட்டும் ஐந்து கொட்டில்கள். கிடுகு கிடைத்தவர்கள் கிடுகால் வேய்ந்தார்கள். கிடைக்காதவர்கள் தறப்பாளை இழுத்துக் கட்டினார்கள்.

மூன்றாவது கொட்டில் அக்கா வீடு. தாய், அக்கா, சின்னவன் மட்டும். படுக்கையில் கிடந்த அப்பம்மாவைப் பார்க்கவென்று தகப்பன் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். அங்கே இராணுவம், இங்கே விடுதலைப் புலிகள் இயக்கம், நடுவில் பாதை இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் கையால் எப்போதாவது ஒரு கடிதம் வரும். இந்த ஒரு விவரத்தை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து வயதில் நான் அதை மனதில் வைக்கவில்லை.

அக்காவுக்குப் பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சை எடுக்கும் வருடம். சின்னவனுக்கு ஏழு வயது, தரம் 2. நான் தரம் 5, புலமைப்பரிசில் வருடம். ஒரே பாடசாலைக் கட்டடம் இரண்டு பாடசாலைகளைத் தாங்கியது. காலையில் எங்களைப் போன்ற சின்ன வகுப்புகள், பின்னேரம் பெரிய வகுப்புகள். இடம் போதாத வகுப்புகள் மரத்தின் கீழ். மதியம் நாங்கள் விடுபட்டு வரும்போது அக்கா வந்துகொண்டிருப்பார். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் சின்னவனுக்குத் தீத்தி முடித்து, அவனை என்னோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார். அந்த இடைவெளி அரை மணித்தியாலம் இருக்கும். நான் பொய் சொன்னதெல்லாம் அந்த அரை மணித்தியாலத்துக்குள்தான்.

நாங்கள் இருந்தது மணி தொங்கிய வேப்பமரத்தின் கீழ். மணி என்று சொன்னாலும் அது ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. கம்பியில் கட்டித் தொங்கவிட்டு இரும்பாணியால் அடிப்போம். 1990 யூன் நடுப்பகுதியோடு வடக்குக்கு ரெயின் வருவது நின்றுபோனது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் மூடிகளாகின. எஞ்சிய துண்டுகள் இப்படிப் பாடசாலை மணிகளாகின. ரெயினில் நான் தொட்டிருந்தது அந்த ஒரு முழத்தைத்தான்.

சொன்னது

எனக்கு அக்காவைப் பெரிய விருப்பம். அவர் பேசும்போது முழுவசனமாகப் பேசுவார். என்னை விட ஆறு வயது கூடியவராக இருந்தும் நான் சொல்வதை முடியும்வரை கேட்பார். மண்ணெண்ணெய் கிடைக்காத அந்தக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட சிக்கன விளக்கின் கீழ், கண்ணில் நீர் வடிய வடிய, அவர் படித்ததை எங்கள் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் என்னையும் ஒரு ஆளாக எண்ண வேண்டும் என்று கிடந்து தவித்தேன்.

ஒரு நாள் மரத்தடியில் அக்கா ரெயினைப் பற்றிச் சொன்னார். 1989இல், எட்டு வயதில், தகப்பனோடு யாழ்தேவியில் கொழும்புக்குப் போன கதை. ஐந்தாறு பிள்ளைகள் சுற்றியிருந்தோம். அக்காவோடு படிக்கிற பெடியன் ஒருவன், அவனும் இடம்பெயர்ந்து வந்தவன், “வன்னிப் பிள்ளையளுக்கு ரெயின் எங்கை தெரியப்போகுது, இவையளுக்கு மாட்டுவண்டில்தானே” என்றான். அவன் அதைக் கெடுதலாகச் சொன்னதாக இப்போது எனக்குப் படவில்லை. வீட்டை விட்டு வந்த பிள்ளை, இழந்த ஒன்றை உயர்த்திப் பேசியது. ஆனால் அன்றைக்கு எனக்கு முகம் எரிந்தது.

“நானும் போனனான்” என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். “எங்கையிருந்து?”

“மாங்குளத்திலை ஏறினனாங்கள். கொழும்புக்கு. எனக்கு மூண்டு வயசு.”

“என்ன பாத்தனீ?”

“ஆனையிறவிலை ரெண்டு பக்கமும் கடல். பிறகு முறிகண்டியிலை ரெயினை நிப்பாட்டி, ட்ரைவர் இறங்கிப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சவர். எங்களுக்குக் கச்சான் வாங்கித் தந்தவை.”

வன்னியைத் தெரிந்த எவருக்கும் இதில் உள்ள பிழை உடனே தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் வண்டி ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி எல்லாம் கடந்த பிறகுதான் மாங்குளத்துக்கு வரும். மாங்குளத்தில் ஏறித் தெற்கே போகிறவன் புளியங்குளம், ஓமந்தை, வவுனியா என்று போவான். ஆனையிறவையும் முறிகண்டியையும் அவன் காண்பதற்கே வழியில்லை. முறிகண்டியில் நின்று தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குவது ஏ9 வீதியால் போகிற பஸ்காரரும் லொறிக்காரரும் செய்வது. வீதியால் போகும் ஒரு வாகனமும் அந்தப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டாது என்று நான் கேட்டு வளர்ந்தேன். ரெயினும் ஒரு வாகனம்தானே, அதுவும் நிற்கும் என்று முடிவுசெய்தேன்.

அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டபோது ஒன்று சொன்னார். இரண்டு வயதில் எனக்குக் காய்ச்சல் முற்றி வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாராம். பஸ்ஸில். வழியில் நான் சன்னல் கம்பியை விடமாட்டேன் என்று அழுதேனாம். அதைத் தவிர அந்த வயதில் நான் எங்கும் போகவில்லை.

பொய் எதால் ஆனது

பிள்ளையின் பொய்யைப் பிடித்தவுடன் நாங்கள் ஆசிரியர்கள் பொதுவாக உண்மையோடு வைத்து அளக்கிறோம். எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறது என்று பார்க்கிறோம். அதைவிட, அந்தப் பொய் எந்தச் சாமான்களால் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது பயன்படும் என்பது என் அனுபவம். என்னுடையதைப் பிரித்துப் பார்த்தால் அதில் என் சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை. ஆனையிறவுக் கடல் அக்காவின் தாய் அம்மாவுக்குச் சொன்னது. வண்டியில் இருந்து கச்சான் கோது உடைத்தது இரண்டாம் கொட்டில்காரர் சொன்னது. எங்கள் வளவில் பின்னேரங்களில் நடந்த பேச்செல்லாம் போன வீடுகளைப் பற்றியும் போன பயணங்களைப் பற்றியும்தான். அந்தப் பயணங்கள் எல்லாம் வடக்கிலிருந்து தெற்கே ஓடின. ஆகவேதான் என் ரெயினும், மாங்குளத்தில் ஏறியபோதும், ஆனையிறவிலிருந்து ஓடியது. அவர்களுடைய ஞாபகத்தை எடுத்து அவர்களுக்கே திருப்பிக் காட்டினேன். அக்காவுக்கு முன்னால் நிற்பதற்கு அக்கா வீட்டுச் சட்டையையே போட்டுக்கொண்டு போனது போல.

ஜீன் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளிடம் இரண்டு பொய்களைச் சொல்லி எது மோசம் என்று கேட்டார். ஒரு பையன் மாட்டளவு நாயைக் கண்டேன் என்கிறான். இன்னொருவன் ரீச்சர் எனக்கு நல்ல புள்ளி தந்தார் என்று வீட்டில் பொய் சொல்கிறான். சிறிய பிள்ளைகள் நாய்ப் பொய்தான் மோசம் என்றார்கள், ஏனெனில் அப்படியொரு நாய் இல்லவே இல்லை. வளர்ந்த பிள்ளைகள் மற்றதை மோசம் என்றார்கள், அதைத்தான் கேட்பவர் நம்புவார். பத்து வயதில் நான் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றேன். நம்பக்கூடியதாகச் சொல்லத் தெரிந்திருந்தது. ஒருவர் நம்பினால் அடுத்து என்ன நடக்கும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

இப்போதும் கண்ணை மூடினால் அந்தச் சன்னலுக்கு வெளியே ஆனையிறவுத் தண்ணீர் மினுங்குவது எனக்குத் தெரிகிறது. அது அம்மா சொன்ன பஸ் சன்னலாக இருக்கலாம். திரும்பத் திரும்பச் சொன்னது ஞாபகமாகவே ஊறிவிட்டது. 1995இல் எலிசபெத் லொஃப்டஸ் என்ற உளவியலாளர், சிறுவயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையைப் பெரியவர்கள் 24 பேருக்குச் சொல்லிப் பார்த்தார். ஏறத்தாழ நாலில் ஒருவர் அது தமக்கு நடந்ததாக முழுவதுமோ பாதியோ ஞாபகம் கொண்டார்கள். ஆகவே பொய்யில் நீண்ட நாள் நிற்கிற பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறது என்று நான் முடிவெடுப்பதில்லை. அதன் கண்ணுக்கு அந்தக் காட்சி உண்மையிலேயே தெரியக்கூடும்.

பொய் வளர்ந்த விதம்

அன்றைக்கு அக்கா சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. “அப்பிடியே” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளும் கேட்டார். இருக்கை எப்படி? ரிக்கற் எப்படி? நான் தடுமாறி, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஐந்தாவது கொட்டிலில் ஒரு வயோதிபர் இருந்தார். ரெயில்வேயில் கைகாட்டி (சிக்னல்) ஏற்றி இறக்கும் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் அவரைக் கோச்சி அப்பு என்போம். பாடசாலை முடிந்து வந்ததும் அவரிடம் ஓடத் தொடங்கினேன். ரிக்கற் தடித்த மட்டைத் துண்டு, விரல் அகலம், அதில் திகதியை அழுத்திக் குத்துகிற பொறி ஒன்று இருக்கும் என்றார். அடுத்த நாள் மதியம் அது என் ரிக்கற் ஆனது.

அவர் சொன்னதில் மிகப் பெரிய விசயம் ரப்லெட். வடக்குப் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் மோதும். அதனால் ஒரு ஸ்ரேசனுக்கும் அடுத்த ஸ்ரேசனுக்கும் இடையில் ஓடுவதற்கு ட்ரைவர் கையில் ஒரு வட்ட உலோக வில்லை இருக்க வேண்டும். அது இல்லாமல் வண்டி ஸ்ரேசனை விட்டு நகரக்கூடாது. வில்லையைத் தோல் பையில் போட்டுப் பெரிய வளையத்தில் கோத்திருப்பார்கள். நிற்காமல் போகிற வண்டி என்றால், மேடையில் ஒருவர் வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். எஞ்சினில் இருப்பவர் கையை நீட்டிக் கோத்து எடுப்பார், பழைய வளையத்தை எறிவார். அப்பு எழும்பி நின்று, ஒரு கையைத் தூக்கி, அப்படியே செய்து காட்டினார். தறப்பாள் நிழலில் அவருடைய கை நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த நாள் நானும் மரத்தடியில் எழும்பி நின்று கையைத் தூக்கிக் காட்டினேன். அக்காவின் முகம் மாறியது. ரப்லெட்டைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. ரெயினில் போன அவருக்குத் தெரியாத ஒன்று, போகாத எனக்குத் தெரிந்திருந்தது. அந்த மகிழ்ச்சி பொய்யான மகிழ்ச்சி என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. நான் சொன்னதில் அந்தப் பகுதி முழு உண்மை. பிழை ஒன்றே ஒன்றுதான், அப்புவின் கையை என் கண் என்று சொன்னேன்.

இப்படி எத்தனை நாள்? என் ஞாபகத்தில் ஒரு மாதம். அக்காவின் ஞாபகத்தில் ஒரு கிழமைக்கு மேல் இல்லை.

நடந்தது

இந்த நாள்களில் சின்னவன் அக்காவின் மடியோடு ஒட்டிக்கொண்டு சோறு வாங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் பிறந்ததே 1990இல், ரெயின் நின்றுபோன வருடத்தில்.

வைகாசியில், 13ஆம் திகதி, வவுனியாவிலிருந்து ஏ9 வீதியைப் பிடிக்க இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. தென்கிழக்கே ஷெல் சத்தம் இரவும் பகலும் கேட்டது. அக்காவுக்கு மலேரியா வந்து கொட்டிலில் படுத்துவிட்டார். வன்னியில் அந்த வருடங்களில் மலேரியா படாத வீடு அருமை. சின்னவனைப் பாடசாலையிலிருந்து கூட்டி வருவது என் பொறுப்பானது.

அந்த நாள் மணி அடித்தவுடன் நான் சின்னவனைத் தேடவில்லை. நேரே கோச்சி அப்புவிடம் போனேன். அக்காவுக்குக் காய்ச்சல் மாறினால் சொல்வதற்குப் புதிதாக ஏதாவது வேண்டும். இருட்டில் கைகாட்டி விளக்கு எப்படி எரியும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் தாய் வந்து “சின்னவன் எங்கை தம்பி?” என்று கேட்டபோது எனக்குப் பதில் இருக்கவில்லை.

வளவில் இருந்த ஆம்பிளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு திக்குத் திக்காகப் போனார்கள். ஒருவர் குளக்கட்டுக்கு. ஒருவர் காட்டுப் பாதைக்கு. நான் பாடசாலைக்கு ஓடினேன். வெறுமையாக இருந்த காலை வகுப்பறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பொழுது சாயும் நேரம் ஊருக்குத் தெரியாத ஓர் ஐயா சின்னவனைச் சைக்கிள் பாரில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். விறகு ஏற்றிக்கொண்டு வந்தவர். மாங்குளம் றோட்டில், ஒரு மதகடியில், புத்தகப் பையோடு ஒரு பிள்ளை கிழக்கே நடந்து போவதைக் கண்டாராம். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, “மாங்குளத்துக்கு, ரெயின் ஏற” என்றானாம். விறகை மதகடியில் இறக்கிவைத்துவிட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்தார். பைக்குள் இரண்டு கொப்பி, ஒரு போத்தில் தண்ணீர், தகப்பனிடமிருந்து வந்த செஞ்சிலுவைக் கடிதம். கடிதத்தில் வீட்டு விலாசம் இருந்தது.

தாய் அடிக்கவில்லை. பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். ஐயா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு விறகுக்குத் திரும்பிப் போனார். அவருடைய பெயரைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

அன்றிரவு

இங்கேதான் சாட்சிகள் பிரிகின்றன. என் ஞாபகம் இது. அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தார். “சின்னவனுக்கு நீ என்ன சொன்னனீ?” என்று கேட்டார். நான் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது உண்மை. பிறகு, “நான் ரெயினிலை போகேல்லை அக்கா” என்றேன். அவர் “தெரியும்” என்றார். எப்போது தெரியும் என்று கேட்க, “முதல் நாளே” என்றார்.

தொலைபேசியில் அக்கா சொன்னது வேறு. அன்றிரவு அவர் எழும்பவே இல்லையாம், காய்ச்சல் 104. என்னோடு பேசியது இரண்டு நாள் கழித்து. நான் அழுதுகொண்டு நின்றேனாம், அவர் “போய்ச் சாப்பிடு” என்று மட்டும் சொன்னாராம். ஆனால் முதல் நாளே தெரியும் என்பதில் இருவருக்கும் முரண்பாடு இல்லை. ஆனையிறவு என்றதும் தெரிந்துவிட்டது என்றார். பிறகு ஏன் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“நீ சொல்லச் சொல்ல எனக்கு அந்த ரெயின் ஓடினது. அப்பாவோடை போன ரெயின். நிப்பாட்ட மனம் வரேல்லை” என்றார். பிறகு, “சின்னவன் கேட்டுக்கொண்டிருந்ததை நானும் பாக்கேல்லை. அது என்ரை பிழை, உன்ரை இல்லை” என்றார்.

நான் அதை ஏற்கவில்லை, அன்றும் இன்றும். ஆனால் ஆய்வு என்று வந்தால் இதை எழுதித்தான் ஆக வேண்டும். பிள்ளையின் பொய்யைக் கேட்டவர் அதை நம்பவில்லை. நம்பாமலே அதை வைத்திருக்க விரும்பினார். இதுவரை நான் கையாண்ட பிள்ளைகளிடமும், ஒரு பொய் பல நாள் நின்றிருந்தால், கேட்டவர்களில் யாரோ ஒருவருக்கு அது தேவைப்பட்டிருந்தது. சொன்ன பிள்ளையை மட்டும் இருத்தி வைத்து விசாரித்தால் இது வெளியே வராது.

எடுத்த நடவடிக்கைகள்

பாடசாலை செய்தது விரைவில் முடிந்துவிட்டது. காலைப் பிரார்த்தனையில் அதிபர், யாரையும் சுட்டாமல், “புலி வருது” கதையைச் சொன்னார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் பெயர் சொல்லாமல் விட்டார். எனக்கு ஏற்பட்டதெல்லாம், இனி எவரிடமும் ரெயின் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது என்ற பயம். உண்மை பேச வேண்டும் என்று தோன்றவில்லை.

விக்டோரியா தல்வார், காங் லீ ஆகியோர் குழுவாக 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை வாசித்தபோது அந்தக் காலை ஞாபகம் வந்தது. மூன்று முதல் ஏழு வயது வரையான 268 பிள்ளைகளை ஓர் அறையில் தனியே விட்டு, பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிப் போனார்கள். திரும்பி வந்து ஒரு கதை வாசித்துவிட்டு, பார்த்தாயா என்று கேட்டார்கள். ஓநாய் வருகிறது என்று பொய் சொல்லிக் கெட்ட பையனின் கதையும், மூக்கு நீண்ட மரப்பொம்மையின் கதையும் பொய்யைக் குறைக்கவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற ஜோர்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அந்தக் கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றிச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது. என்னை விடச் சிறிய பிள்ளைகள், வேறு நாடு. ஆனாலும் வேப்பமரத்தடியில் நின்ற எனக்கு அது பொருந்துகிறது.

அக்கா செய்தது வேறு. காய்ச்சல் விட்டு எழும்பிய முதல் நாள் என்னையும் சின்னவனையும் மணியடிக்குக் கூட்டிப் போனார். “அவனுக்கு நீயே சொல்லு” என்றார். அவர் சொல்லித் தரவில்லை, திருத்தவும் இல்லை. பக்கத்தில் நின்றார்.

நான் சின்னவனிடம், நான் ரெயினில் போகவில்லை, மாங்குளத்தில் இப்போது ரெயின் இல்லை, நீ பிறந்த வருடமே நின்றுவிட்டது என்றேன். அவன் நம்பவில்லை. அப்போது அக்கா அவனைத் தூக்கி மணியைத் தொடவைத்தார். “இதுதான் தண்டவாளம். இதுக்கு மேலைதான் ரெயின் ஓடினது.”

சின்னவன் இரும்பைத் தடவினான். “மற்றத் துண்டெல்லாம் எங்கை?” என்று என்னைக் கேட்டான்.

“பங்கருக்குப் போட்டிட்டினம்” என்றேன்.

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் அவனிடம் சொன்ன முதல் உண்மை அது. அதைச் சொல்லி முடித்தபோது எனக்கு ஆறுதல் ஒன்றும் வரவில்லை. அவனிடமிருந்து ஒரு வழியைப் பிடுங்கிவிட்டேன் என்றுதான் இருந்தது. பொய்யை ஒப்புக்கொண்டால் பாரம் இறங்கும் என்று பிள்ளைகளுக்கு நான் இப்போது வாக்குக் கொடுப்பதில்லை. இறங்காமலும் போகலாம். கேட்டவர் எதை இழக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

அடுத்து அக்கா என்னை மாணவர் மன்றத்தில் ரப்லெட்டைப் பற்றிப் பேசச் சொன்னார். பேசினேன். கோச்சி அப்பு சொன்னது என்று தொடங்கினேன். அப்பு வந்து முன்வாங்கில் இருந்தார். அந்தப் பேச்சைப் பற்றி எனக்கு வேறொன்றும் ஞாபகமில்லை.

இதிலிருந்து என் வேலைக்குள் வந்த பழக்கம் ஒன்றுண்டு. ஒரு பிள்ளை பெருமைக்காக ஏதோ சொல்லிவிட்டது என்று முறைப்பாடு வந்தால், நான் முதலில் கேட்பது பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள் என்று. நான் ஆருக்குச் சொன்னேனோ அவர் நம்பவில்லை. ஆரை நினைக்கவேயில்லையோ அவன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பெரியவர்களை நோக்கி எறிகிற பொய் அவர்களைத் தாண்டிச் சின்னவர்களின் மடியில்தான் விழுகிறது. ஆகவே சொன்ன பிள்ளையிடம் போவதற்கு முன் அந்தச் சின்னதைத் தேடிப் போகிறேன்.

பிந்திய நிலை

2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தபோது சின்னவன் பன்னிரண்டு வயதில் தகப்பனைக் கண்டான். அப்பம்மா அதற்கு முந்தியே போய்விட்டார். அடுத்த சில வருடங்களில் குடும்பம் நாட்டை விட்டுப் போனது. நாங்கள் நின்றோம். 2009இல் எங்களுக்கு நடந்ததை இந்த ஆய்வுக்குள் கொண்டுவரவில்லை.

2013 செப்ரெம்பரில் ரெயின் மறுபடி கிளிநொச்சிக்கு வந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குப் போனது. நான் ஏறவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். 2018 தையில் சின்னவன் மனைவியோடும் மகளோடும் வந்தான். யாழ்ப்பாணத்துக்கு வான் பிடித்துப் போகலாம் என்று எல்லோரும் சொல்ல, அவன் மாங்குளத்தில் ரெயின் ஏற வேண்டும் என்றான். “நீங்களும் வாங்கோ அண்ணை.”

மேடையில் காத்திருந்தபோது அவனிடம் அந்த நாளைப் பற்றி முதல்முறையாகக் கேட்டேன். அவனுக்கு விறகுக்கார ஐயாவின் சைக்கிள் பார் குத்தியது ஞாபகம் இருந்தது. மதகு ஞாபகம் இருந்தது. பயந்தது ஞாபகம் இல்லை. நான் சொன்ன ரெயின் கதை ஒன்றும் ஞாபகம் இல்லை, தேங்காயும் இல்லை, வளையமும் இல்லை.

“பிறகு ஏன் மாங்குளத்துக்கு நடந்தனீ?”

“நான் ரெயினுக்குப் போகேல்லை அண்ணை, வீட்டை போனனான்” என்றான்.

வண்டி வந்தது. முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று போனது. ஆனையிறவு வர அவன் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலடிக்குப் போனான். மாரி மழைக்குப் பிறகு கடலேரி நிரம்பிக் கிடந்தது. முதலில் ஒரு பக்கம் பார்த்தான். பிறகு பெட்டியைக் கடந்து மற்றப் பக்கச் சன்னலுக்குப் போய்க் குனிந்து பார்த்தான். திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தான்.

“ரெண்டு பக்கமும்தான்” என்றான்.